லெலோங்

சென்ற ஆண்டு தொடக்கத்தில் வீடு தேடிக்கொண்டிருந்தேன். உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டம், ஆறு வருட வேலை, கொஞ்சம் சேமிப்பு, ஈ.பி.எஃப்-இல் வீட்டுக்காக எடுக்கக்கூடிய ஒரு தொகை. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தாலும் கிள்ளான் வட்டாரத்தில் புது வீட்டு விளம்பரங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. அப்போதுதான் கூட வேலை செய்யும் நண்பன் ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டான். லெலோங் வீடுகளின் பட்டியல் தினமும் அதில் வரும். முகவரி, சதுர அடி, குறைந்தபட்ச விலை, ஏலத் தேதி. அவ்வளவுதான். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏன் ஏலத்துக்கு வந்தது என்ற விவரம் எதுவும் இருக்காது.

“மொத சுத்துல யாரும் எடுக்க மாட்டான்லா. மூணாவது வரைக்கும் காத்திரு” என்றான் நண்பன். ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த முறை குறைந்தபட்ச விலையை வழக்கமாக 10 விழுக்காடு குறைப்பார்கள். பொறியியல் படித்தவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். எக்செல்லில் பட்டியல் போட்டேன். ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் சுற்று 140,000 ரிங்கிட். ஆள் வரவில்லை. இரண்டாவது 126,000. மூன்றாவது 113,400. அந்த மூன்றாவது எண்ணுக்கு மஞ்சள் நிறம் அடித்து வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை வெளியிலிருந்தாவது பார்த்து வரலாம் என்று போனேன். ஏல வீட்டின் உள்ளே போய்ப் பார்க்க ஏற்பாடு எதுவும் கிடையாது. கதவு, சுவர், தண்ணீர்க் குழாய் எல்லாம் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். நான்காவது மாடி ஏறியபோது கதவில் காய்ந்த மாவிலைத் தோரணம் தொங்கியது. கிரில்லுக்குப் பின்னால் ஓர் ஆன்ட்டி நின்றிருந்தார்.

“வீடு பாக்க வந்தியா தம்பி?”

“இல்ல ஆன்ட்டி, வேற வீடு. நம்பர் தப்பா வந்துட்டேன்.”

பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த வாரத்தில் வந்த முதல் ஆள் நான் இல்லையாம். “வெயில்ல ஏறி வந்துருக்க, தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். குடித்துவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “நம்ம வீடும் லெலோங்ல போனதுதான்” என்றார்.

எங்கள் வீட்டில் ‘பழைய வீடு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அங்கே எடுத்த ஒரு படத்தில் நான் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருக்கிறேன். விற்றுவிட்டு வந்தோம் என்றுதான் இருபத்தெட்டு வயதுவரை நினைத்திருந்தேன். அதன் பிறகு சில மாதங்கள் வீடு தேடுவதை விட்டுவிட்டு, லெலோங் என்ற இந்த ஏற்பாடு நம் ஊருக்கு எப்படி வந்தது என்று படிக்கத் தொடங்கினேன். படித்ததில் எனக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை.

சாவி, சன்னல், ஏலம்

முதலில் சொல். லெலோங் என்றால் நம் எல்லாருக்கும் பசார் மாலாம்தான் நினைவுக்கு வரும். சட்டைக் குவியல் மேல் நின்றுகொண்டு ‘லெலோங் லெலோங்’ என்று கத்துவார்கள். அங்கே அதற்கு மலிவு என்று பொருள். நாளிதழின் பின்பக்கங்களில் அதே சொல் ஒரு குடும்பத்தின் வீட்டைக் குறிக்கும்.

இந்தச் சொல் போர்த்துகீசியர் கொண்டு வந்தது. அவர்கள் மொழியில் ‘லெய்லாவ்ன்’ என்பது போல ஒலிக்கும். அவர்கள் அதை அரபியிலிருந்து எடுத்தார்கள்; அறிவிப்பு என்பது அங்கே அதன் பொருள். 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்களின் வாயிலிருந்து அது மலாய்க்குள் லெலோங் என்று நுழைந்தது. தமிழ்க் கடற்கரையில் அதே போர்த்துகீசியரிடமிருந்துதான் நாம் ‘ஏலம்’ என்று எடுத்துக்கொண்டோம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் ஏலத்தை அந்தச் சொல்லோடுதான் சேர்க்கிறது. பாயசத்தில் போடும் ஏலம் வேறு.

ஆக, மலாய்க்காரர் சொல்லும் லெலோங்கும் நாம் சொல்லும் ஏலமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வீட்டைச் சுற்றி இன்னும் எத்தனை சொற்கள் இப்படி வந்திருக்கின்றன என்று பாருங்கள். சாவி, சன்னல், அலமாரி, மேசை எல்லாமே போர்த்துகீசியம். மலாயிலும் ஜெண்டேலா, அல்மாரி, மேஜா. வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கும் வீடு கைவிட்டுப் போகும் நாளுக்கும் ஒரே கப்பலில்தான் சொற்கள் வந்திறங்கியிருக்கின்றன.

காகிதமான நிலம்

சொல் வந்துவிட்டது. ஆனால் சாதாரண ஆளின் வீடும் நிலமும் கடனுக்காகப் பகிரங்க ஏலத்துக்கு வர வேண்டும் என்றால் முதலில் நிலம் காகிதமாக வேண்டும். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது.

அதற்கு முன் மலாய் கிராமங்களில் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்பவனுக்கே அதன் மேல் உரிமை. அவசரத்துக்குப் பணம் வேண்டுமானால் ‘ஜுவால் ஜஞ்சி’ என்றொரு வழக்கம் இருந்தது. நிலத்தை விற்பது போலக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்குவார்கள்; சொன்ன கெடுவுக்குள் பணத்தைத் திருப்பினால் நிலம் திரும்பும். ஊருக்குள், முகம் தெரிந்தவர்களுக்கு இடையே நடக்கும் ஏற்பாடு அது.

1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் என்பவர் ஒரு நிலச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர். கப்பல்களைப் பதிவேட்டில் பதிவது போல நிலத்தையும் ஏன் பதியக்கூடாது என்பதுதான் அவருடைய யோசனை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பழைய பத்திரங்களைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் மாக்ஸ்வெல் ஆஸ்திரேலியாவுக்கே போய் இந்த முறையைப் படித்து வந்தார். பிறகு சிலாங்கூரின் ரெசிடெண்டாகவும் ஆனார். 1891இல் சிலாங்கூரில் நில உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்று நாம் கெரான் என்று இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் காகிதம். 1966 சனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டமும் இதே அடித்தளத்தில்தான் நிற்கிறது.

நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் இந்த இடத்தில் கிடைத்தது. பழைய ஆங்கிலேய அடமான முறையில் கடன் வாங்கும்போதே நிலம் கடன் கொடுத்தவன் பெயருக்குப் போய்விடும். கெடு தவறினால் நீதிமன்றம் ‘இனி நீ மீட்க முடியாது’ என்று அடைத்துவிடலாம். டோரன்ஸ் முறையில் அப்படி இல்லை. வங்கிக்குக் கிடைப்பது பதிவேட்டில் ஒரு குறிப்பு மட்டுமே. உரிமையாளர் பெயர் மாறாது. கடன் கட்டவில்லை என்றால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ள முடியாது. விற்கும்படி உத்தரவு கேட்கத்தான் முடியும். விற்பனை பகிரங்க ஏலத்தில் நடக்க வேண்டும். கடன் போக மிச்சம் இருந்தால் உரிமையாளருக்குத் திருப்பித் தர வேண்டும்.

நாம் ‘பேங்க் வீடு’, ‘பேங்க் எடுத்துக்கிட்ட வீடு’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். சட்டப்படி அந்த நான்காவது மாடி வீடு இன்னும் வங்கியினுடையது இல்லை. ஏலத்தில் சுத்தி தட்டப்படும் நிமிடம்வரை அது ஆன்ட்டி குடும்பத்தினுடையது. நான் ‘பேங்க் வீட்டை’ பார்க்கப் போனதாக நினைத்தேன். போனது ஒருத்தர் வீட்டுக்கு.

டோரன்ஸ் முறை கடனாளியைக் காக்கத்தான் இப்படி வைத்தது. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. காகிதம் தெளிவாக இருப்பதால் கடன் கொடுப்பது எளிது. கடன் எளிதாகக் கிடைத்தால் நிலம் கைமாறுவதும் எளிது.

செட்டி

இந்த வரலாற்றில் நமக்குக் கொஞ்சம் சங்கடமான பக்கம் இது. மலாயில் ‘செத்தி’ என்றால் வட்டிக்குக் கொடுப்பவர். நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமிருந்து போன சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவர்கள் கிட்டங்கி வைத்துவிட்டார்கள். பிறகு கோலாலம்பூரில் லெபோ அம்பாங். நீளமான கூடத்தில் வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கு. இந்த உலகத்தைப் பார்க்க வரலாற்று நூலே வேண்டாம், ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ போதும்.

பெரிய பிரிட்டிஷ் வங்கிகள் சாதாரண ஆளை உள்ளே விடாத காலம் அது. சீன ஈயச் சுரங்கக்காரர், சிறு ரப்பர் தோட்டக்காரர், மலாய் விவசாயி, அரசாங்க கிராணி எல்லாரும் செட்டியாரிடம்தான் போனார்கள். அவர் கெரானை வாங்கி வைத்துக்கொண்டு பணம் கொடுத்தார். ரப்பர் விலை ஏறிய ஆண்டுகளில் நிலம் வேகமாகக் கைமாறுவதைப் பார்த்து அரசு பயந்தது. 1913இல் கூட்டு மலாய் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. ஒதுக்கீட்டு நிலத்தை மலாய்க்காரர் அல்லாதவருக்கு மாற்ற முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த கவலைகளில் செட்டியார் கடனும் ஒன்று. 1933இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. லெலோங் பட்டியலில் சில வீடுகளுக்குப் பக்கத்தில் ‘மலாய்க்காரர்களுக்கு மட்டும்’ என்று இன்றும் ஒரு குறிப்பு வரும். அதன் வேர் இங்கேயும் இருக்கிறது.

1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. கடன் வாங்கியவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. சிறு நிலங்கள் ஏலத்துக்குப் போய்க் குவிந்துவிடும் என்று அஞ்சி 1931இல் அவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டார்கள். செட்டியார்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேண்டியது நிலம் இல்லை, சுற்றிக்கொண்டிருக்கும் பணம். மந்தத்தில் பணம் திரும்பாமல், விலையில்லாத நிலம் கைக்கு வந்து மாட்டிக்கொண்டது. பக்கத்தில் பர்மாவில் இது உச்சத்துக்குப் போனது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறக்குறைய 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் 25 விழுக்காடாக ஆனது. அங்கே அவர்கள் மேல் வளர்ந்த வெறுப்பின் விலையைச் சாதாரணத் தமிழர்களும் கொடுத்தார்கள்.

‘செட்டிக்காரன் நிலத்தைச் சுருட்டிட்டான்’ என்ற ஒற்றை வரியிலும் ‘செட்டியார்தான் நாட்டை வளர்த்தார்’ என்ற இன்னொரு வரியிலும் நான் சேர விரும்பவில்லை. கடன் கொடுப்பவன் தமிழனாக இருந்தாலும் சீனனாக இருந்தாலும் கண்ணாடி மாளிகை வங்கியாக இருந்தாலும், விலை சரியும்போது கெரான் ஒரே திசையில்தான் நகர்கிறது. 1931 சட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு உறைத்தது ஒன்றுதான். ஏலத்தை நிறுத்தி வைக்க முடியும். வெள்ளைக்காரனே அதைச் செய்து பார்த்திருக்கிறான்.

ஏலம் போக வீடு இல்லாதவர்கள்

செட்டியாரிடம் கெரான் வைத்தவர்களில் நம் தாத்தா பாட்டிகள் இல்லை. வைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை கூரை. வேலை போனால் வீடும் போகும். அதற்கு ஏலம் தேவையில்லை, நோட்டீஸ் தேவையில்லை, துரையின் ஒரு வார்த்தை போதும்.

1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைக் கைகழுவத் தொடங்கியபோது வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் படித்திருக்கிறோம். லயத்தோடு சேர்த்து நிலம் விலைபோனது. உள்ளே இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்குப் பதிலாகத்தான். தொழிலாளர் காசு சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது. விற்பனைக்கு வந்த நிலத்துக்கு நம் ஆட்கள் முதன்முதலாக ஒரு தரப்பாக நின்று விலை கேட்டார்கள். அந்தச் சங்கத்தின் பிற்காலம் பற்றி ஆயிரம் விவாதம் இருக்கலாம். ஆனால் விற்கப்படும் இடத்தில் குடியிருப்பவனே வாங்குபவனாக நிற்கலாம் என்ற யோசனையின் துணிச்சலை நாம் மறந்துவிடக்கூடாது.

அடுத்த அலை 1980களிலும் 90களிலும். தோட்டங்கள் தாமான்களாக மாறின. புத்ராஜெயா எழுந்தது பிராங் புசார் தோட்டத்தின் மேல்தான். அங்கேயும் சுற்றுத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டடங்கள் விரிசல் விட்டு, தரை வீடு கேட்டு மக்கள் பல்லாண்டுகள் போராடிய கதையும் நமக்குத் தெரியும்.

தோட்டத்தை விட்டு வந்த பலர் மலிவு விலை வீடு வாங்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் அதன் விலை 25,000 ரிங்கிட் என்று அரசு வைத்தது. 1998இல் இடத்தைப் பொறுத்து 42,000 வரை போகலாம் என்று மாற்றினார்கள். ஈ.பி.எஃப்-இலிருந்து முன்பணம், மீதிக்கு வங்கிக் கடன். எங்கள் அப்பாவும் அப்படித்தான். மலிவு வீடு கிடைக்கவில்லை, கொஞ்சம் விலை கூடிய தரை வீடு. குடும்பத்தில் கெரானில் பெயர் ஏறிய முதல் ஆள் அவர். நான்கு தலைமுறையில் முதன்முறையாக எங்களிடம் ஏலம் விடக்கூடிய ஒரு வீடு இருந்தது.

படிவம் 16டி

1997 நடுவில் நாணய நெருக்கடி தொடங்கியது. 1998 நடுவில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. வீட்டுக் கடன் வட்டி அதற்கும் மேலே. அப்பா வேலை செய்த தொழிற்சாலையில் முதலில் ஓவர்டைம் போனது. எங்கள் மாதத் தவணை ஓவர்டைம் காசில்தான் நின்றிருந்தது. பிறகு நான்கு நாள் வேலை. பிறகு கடிதங்கள்.

“மலாய்ல எழுதியிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியும். ஆனா அது என்னா மலாய்னே புரியல” என்றார் அம்மா. அதைச் சுவாமி மேடையில் படத்துக்குப் பின்னால் வைத்தாராம். அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. பழைய பிஸ்கட் டின்னில் பிறப்புப் பத்திரங்களோடு. எடுத்துப் பார்த்தேன். தேசிய நிலச் சட்டம், படிவம் 16டி.

அந்தப் படிவம் சொல்வது இதுதான். நீங்கள் தவணை தவறிவிட்டீர்கள். இத்தனை நாளுக்குள், குறைந்தது ஒரு மாதம், சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விற்பனை உத்தரவுக்குப் போவோம். நிலப் பட்டாவின் வகையைப் பொறுத்து வழக்கு உயர்நீதிமன்றத்துக்கோ நில அலுவலகத்துக்கோ போகும். வீட்டுக்காரர் ‘மாறான காரணம்’ காட்டினால் மட்டுமே நீதிமன்றம் உத்தரவை மறுக்கலாம். 1997ஆம் ஆண்டு சட்ட அறிக்கையில் வந்த ஒரு கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் காரணங்களை மூன்று வகையாகச் சுருக்கியது. பதிவே செல்லாதபடி மோசடி போன்ற ஒன்று நடந்திருக்க வேண்டும். அல்லது நோட்டீஸ் முறைப்படி இருந்திருக்கக் கூடாது. அல்லது உத்தரவு கொடுப்பது சட்டத்துக்கோ நியாயத்துக்கோ முரணாக இருக்க வேண்டும். வேலை போய்விட்டது, பிள்ளை சிறியவன் என்பதெல்லாம் இதில் சேராது. கஷ்டம் ஒரு காரணம் இல்லை.

இதைவிட மோசமான நிலையில் இருப்பவர்கள் உண்டு. பல அடுக்குமாடிகளுக்குத் தனித்தனிப் பட்டா வர ஆண்டுக்கணக்கில் ஆகும். பட்டா இல்லாத வீட்டுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கி விற்பனை ஒப்பந்தத்தின் உரிமையையே தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும். அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நீதிமன்ற உத்தரவுகூடத் தேவையில்லை. வங்கியே ஏலம் விடலாம். கெரான் இருப்பவனுக்கு நீதிபதி முன்னால் நிற்க ஒரு நாளாவது கிடைக்கும். மேம்பாட்டாளரின் தாமதத்தால் பட்டா வராத ஃபிளாட்காரனுக்கு அதுவும் இல்லை.

எங்கள் வீடு மூன்றாவது சுற்றில் போனது. நெருக்கடி நேரத்தில் எல்லா ஊரிலும் ஏலம். வாங்க ஆள் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் விலை இறங்கியது. கடன் இறங்கவில்லை, வட்டியோடு ஏறிக்கொண்டே இருந்தது. வீடு விற்ற பணத்தை வரவு வைத்த பிறகும் மிச்சக் கடன் இருந்தது. இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஏலத்தோடு கணக்கு முடிவதில்லை. துண்டு விழுந்ததை வங்கி உங்களிடம் கேட்கலாம், திவால் வரைக்கும் போகலாம். இல்லாத வீட்டுக்கு அம்மாவும் அப்பாவும் நான் படிவம் மூன்று படிக்கும்வரை மாதா மாதம் கட்டியிருக்கிறார்கள். என் டியூஷனுக்குக் காசு இல்லை என்று சொன்ன மாதங்கள் எதற்காக என்று இப்போது தெரிகிறது.

பின்னாளில் சில கதவுகள் திறந்தன. 2006இல் பேங்க் நெகாரா ஏற்பாட்டில் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் வந்தது. தவணையை மாற்றி அமைக்க இலவசமாக உதவுகிறது. கோவிட்டின்போது 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் தவணை கட்டுவதையே ஒத்திவைத்தார்கள். 1998இல் அப்படி ஆறு மாதம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை. நான்தான் கேட்டுக்கொள்கிறேன்.

மஞ்சள் நிற எண்

இதையெல்லாம் படித்த பிறகு என் எக்செல் பட்டியலைத் திரும்பத் திறந்தேன். ஏலத்தில் கேட்பவன் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. குறைந்தபட்ச விலையில் 10 விழுக்காட்டுக்கு வங்கி டிராஃப்ட் கொண்டு போக வேண்டும். வென்றால் மீதியை 120 நாளுக்குள் கட்ட வேண்டும். கடன் கிடைக்காமல் நாள் தாண்டினால் அந்த 10 விழுக்காடு போய்விடும். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், வரி பாக்கி யார் தலையில் என்று விற்பனை நிபந்தனைகளில் தேடிப் பார்க்க வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றுவது வாங்கியவன் பாடு.

ஆனால் ஒரு கட்டம் மட்டும் என் பட்டியலில் இல்லை. நான் காத்திருந்து மிச்சப்படுத்தும் 26,600 ரிங்கிட் எங்கிருந்து வருகிறது? வங்கியிடமிருந்து இல்லை. வங்கிக்குத் துண்டு விழுந்தால் ஆன்ட்டி குடும்பத்திடம் கேட்கும். ஆக என் பொறுமைக்கு அவர்கள்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். எங்கள் பழைய வீட்டை மூன்றாவது சுற்றில் வாங்கியவருக்கு என் அப்பா கொடுத்தது போல.

அம்மாவிடம் கேட்டேன். அவரைப் பற்றிக் கோபம் இல்லையா என்று.

“வாங்குனவரு மேல எனக்கு என்னா கோவம். அவருக்கும் வீடு வேணும்தானே. ஆனா பூட்டு மாத்ததான் வந்தாரு. முன்னாடி ஒரு தடவ வந்து பேசியிருக்கலாம்.”

அந்த ‘முன்னாடி’ என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நிலச் சட்டத்தின் 266ஆம் பிரிவின்படி, ஏலம் முடியும் நிமிடம்வரை உரிமையாளர் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். கையில் பணம் இருப்பவன் ஏன் ஏலம்வரை வரப் போகிறான் என்று தோன்றும். ஆனால் வீடு இன்னும் அவர்கள் பெயரில்தானே இருக்கிறது? அவர்களே ஒருவருக்கு விற்று, வாங்குபவனின் கடன் பணத்தில் வங்கியை முடிக்கலாம். இதற்கு வேண்டியது நேரமும் ஆளும். 16டி வந்த வீட்டில் இந்த இரண்டும்தான் இருக்காது. இதைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதும் அபூர்வம்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனேன். இந்த முறை வீடு பார்க்கத்தான் வந்தேன் என்று சொன்னேன். ஆன்ட்டி சிரித்தார். “அன்னிக்கே தெரியும்” என்றார். அங்கிளுக்குச் சிறுநீரகம், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அம்மா பிஸ்கட் டின்னிலிருந்து எங்கள் 16டியை எடுத்து வந்திருந்தார், எனக்கே தெரியாது. இரண்டு கடிதங்களையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இடையில் இருபத்தைந்து வருடம். வாசகம் பெரிதாக மாறவில்லை.

கடன் பாக்கி 118,000. நான் 130,000 என்று எழுதிக் கொடுத்தேன். நான் தியாகி இல்லை. மதிப்பீட்டாளர் போட்ட விலையைவிட அது 10,000 குறைவு. வீட்டை உள்ளே பார்க்க முடிந்தது, சமையலறைக் கூரையில் ஒழுகுவது தெரிந்தது, காலி வீடாகக் கையில் கிடைக்கும். இரண்டாவது சுற்றில் கேட்பதைவிட 4,000 அதிகம், மஞ்சள் அடித்த எண்ணைவிட 16,600 அதிகம். நண்பன் இன்னும் என்னைத் திட்டுகிறான். அவர்களுக்குச் செலவெல்லாம் போக ஒரு சிறு தொகையாவது கையில் நிற்கும். முக்கியமாக, பின்னால் துரத்தும் கடன் இருக்காது.

எளிதாக நடக்கவில்லை. ஏலத் தேதிக்கு ஏழு வாரம் இருந்தது. வங்கியின் வழக்கறிஞர், கையெழுத்தான ஒப்பந்தமும் என் கடனுக்கான ஒப்புதல் கடிதமும் வந்தால்தான் தேதியைத் தள்ள முடியும் என்றார். நான் போன முதல் வங்கி கட்டடம் பழையது என்று மறுத்தது. இரண்டாவது ஒப்புக்கொண்டபோது ஏலத்துக்குப் பதினொரு நாள். நடுவில் ஒரு வாரம் அங்கிளை மருத்துவமனையில் சேர்த்திருந்ததால் அங்கேயே போய்க் கையெழுத்து வாங்கினோம். ஏலம் ஒத்திவைக்கப்பட்டது. ரத்தாகவில்லை, ஒத்திவைப்புத்தான். பணம் கைமாறும்வரை எதுவும் நிச்சயமில்லை.

ஒப்பந்தத்தில், காலி செய்து ஒப்படைக்கும் தேதி என்று ஓர் இடம் இருந்தது. வழக்கறிஞர் பேனாவோடு எங்களைப் பார்த்தார். ஆன்ட்டி தயங்கித் தயங்கி, “தீபாவளி முடிஞ்சி போறோமே தம்பி” என்றார். நான் சரி என்பதற்குள் அம்மா, “எழுதுங்க சார்” என்றார்.